குழாய்ச் சாவி

அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக் குழாய் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம். கீழ்த்தளத்தில் அவர் வீட்டுக் கதவு முதல் படிக்கட்டு வரை காலிக் குடங்கள் காலை வெயிலில் பளபளத்துக்கொண்டு நிற்கின்றன. உள்ளே செயலாளர் குளிக்கிறார். தண்ணீர் தாராளமாகக் கொட்டும் சத்தம் வெளியே நிற்பவர்களுக்கு நன்றாகவே கேட்கிறது. பள்ளிக்கூடத்தில் அரசியல் பாடம் நடத்தும் டீச்சரும் கையில் வாளியோடு நிற்கிறாள். தோள்பையில் இன்று நடத்த வேண்டிய பாடம் இருக்கிறது: ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு சாகாமலிருக்க, மக்கள் தங்கள் அதிகாரத்தையெல்லாம் ஒருவனிடம் ஒப்படைத்த கதை. தண்ணீர்ச் சண்டையில் ஒருவர் மண்டை உடைந்த அன்று, சாவியை ஒரே ஆளிடம் கொடுத்துவிடலாம் என்று கூட்டத்தில் சொன்னவள் அவள்தான். எல்லாரும் கைதட்டினார்கள்.

"இந்தாளு ஆட்டம் தாங்கல டீச்சர். சாவியப் பிடுங்கிடுவோம்" என்று தையல்காரர் பல்லைக் கடிக்கிறார்.

"பிடுங்கி யார்கிட்ட குடுக்கிறது?" என்கிறாள் டீச்சர்.

தையல்காரர் எதிர்வீட்டு டிரைவரைப் பார்க்கிறார். டிரைவர் தையல்காரரின் பெரிய டிரம்மைப் பார்க்கிறார். மாடிவீட்டு நர்ஸம்மா தன் குடத்தைக் காலோடு இழுத்து வைத்துக்கொள்கிறாள்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நிற்கிறது. தலையைத் துவட்டிக்கொண்டே செயலாளர் கதவைத் திறக்கிறார். சாவி அவர் கழுத்துக் கயிற்றில் ஈரம் சொட்டத் தொங்குகிறது. குளிக்கும்போதுகூட அவர் அதைக் கழற்றவில்லை.

"குளிச்சாச்சா சார்?" என்று எல்லாருக்கும் முந்திக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகக் கேட்பது டீச்சர்தான்.