ஐந்தாம் நாள் வேண்டுதல்

மண் தோண்டிக்கொண்டிருந்த பெக்கோ இயந்திரம் நின்றதும் எல்லோரும் சேற்றுக்குள் ஓடினோம்.

மண் சரிந்து எங்கள் லயத்து வீட்டு வரிசையை மூடி அன்றைக்கு ஐந்தாம் நாள். மலை மறுபடியும் இறங்கலாம், பின்னேரத்தோடு தேடுவதை நிறுத்திவிடுவோம் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள்.

நான் பதுளையில் புடவைக்கடை வேலைக்குப் போயிருந்ததால் தப்பியவள். அம்மாவின் உடலை முந்தாநாள் எடுத்துக் கொடுத்தார்கள். தங்கை விதுஷா இன்னும் உள்ளே இருந்தாள்.

பக்கத்து வீட்டு அழகையா மாமாவுக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. மனைவியும் இல்லை, மகள் கோகிலாவும் இல்லை. கோகிலாவும் விதுஷாவும் ஒரே வகுப்பு.

முதல் நாள் மாரியம்மனிடம் உயிரைக் கேட்டோம். மறுநாள் உடம்பாவது சிதையாமல் வர வேண்டும் என்றோம். பிறகு, கிடைத்தால் போதும் என்றாகிவிட்டது.

யாருடைய பிணம் வெளியே வந்தாலும் அந்த வீட்டார் மேட்டிலிருந்த கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார்கள். மற்றவர்கள் அவர்களைப் பொறாமையோடு பார்த்தோம்.

அந்தக் கோயிலுக்குப் பூசாரி அழகையா மாமாதான். ஐந்து நாளாக அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இயந்திரம் நின்ற இடத்திலிருந்து படையினர் ஒரு பெண்பிள்ளையின் உடலைத் தூக்கி வந்து பொலித்தீனில் கிடத்தினார்கள். பதினைந்து வயதிருக்கும். முகம் என்று ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

"எம் புள்ள" என்றார் மாமா, யாரும் கேட்பதற்கு முன்பே.

கிராம சேவகர் பத்மநாதன் என்னை அருகில் அழைத்தார்.

"ரெண்டு பிள்ளையளையும் காணேல்ல, தங்கச்சி. அவசரப்படாம நல்லாப் பாத்துச் சொல்லுங்கோ."

குனிந்து பார்த்தேன்.

மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. பொலித்தீனின் ஒரு மூலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

மழை மறுபடி தூறத் தொடங்கியது. மேலே நின்ற படைவீரன் கையை வீசிக் காட்டினான். இதுதான் கடைசி.

"கோகிலாதாங்க" என்றேன்.

மாமா கோயில் பக்கமாகச் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"குடுத்துட்ட தாயே... குடுத்துட்ட!"

அந்தக் குரலில் இருந்தது சந்தோஷம்தான். என்னால் அதைக் கேட்கவும் முடியவில்லை, காதைப் பொத்திக்கொள்ளவும் முடியவில்லை.

நானும் அவரோடு கும்பிட்டேன்.

மாமா எழுந்து வந்து, மண் ஒட்டிய கையை என் தலையில் வைத்தார்.

"ஒன் தங்கச்சியையும் ஆத்தா கண்ணுல காட்டுவாம்மா. நான் வேண்டிக்கிறேன்."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

நான்கு பேர் குனிந்து தூக்கினார்கள். காலுக்கு மேல் ஏறிக் கிடந்த பாவாடையை இழுத்துச் சரிசெய்துவிட்டேன். சேறு வழிந்துபோன இடத்தில், வெள்ளைத் துணியின் ஓரம் நெடுக நீல நூல் தெரிந்தது.

வீட்டில் வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை விதுஷா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான்தான் அதைத் தைத்துக் கொடுத்தேன்.