கோல்கீப்பர் வேண்டும்

மரக்காணத்துக்கு அப்பால் ஒரு கடலோரக் குப்பத்து ஃபுட்பால் கிளப்பின் செக்ரட்டரி, டோமினிக்கைத் தேடி அந்த மாதம் மூன்றாவது முறையாக வந்து உட்கார்ந்ததும், திண்டிவனத்தில் லேத் பட்டறை வைத்திருந்த தேவநாதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. டோமினிக் போய்விட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

“மூணாவது டிவிஷன் டீமுக்கு எவன் சார் வருவான்?” என்றான் டோமினிக், வேலையிலிருந்து தலையைத் தூக்காமல். “ஏழு மணிக்கு மேல அங்க பஸ்ஸே கிடையாது.”

“ரூம் தர்றோம். தினம் மீன் குழம்பு. நல்ல கோல்கீப்பர் இல்லாம அஞ்சு மேட்ச் தோத்துட்டோம்.”

“யோசிக்கிறேன் சார்.”

எண்ணெய்க் கையைக் கழுவ அவன் பின்பக்கம் போனதும் தேவநாதன் பாய்ந்தார்.

“ஏன் பெரியவரே, வேற ஆளே கெடைக்கலியா? எதுக்கு இவனையே சுத்திக்கினு இருக்கீங்க? இங்க சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு, பெத்த அப்பன்கூட இவனை ஒரு தபா தேடி வந்ததில்ல!”

செக்ரட்டரி எழுந்து நின்றார்.

“அந்த அப்பன் நாந்தாங்க. அவங்கம்மா செத்ததுலேர்ந்து, அப்பான்னு வந்தா எழுந்து போயிடுறான். செக்ரட்டரின்னு வந்தாதான் முகம் குடுத்துப் பேசுறான்.”