மூன்றாவது வால்வு

"இதோட முடிச்சுக்கணும். இன்னிக்கும் சரியா வரலைன்னா, பெட்டியை என் தம்பி வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

ஆடியோ கடை வாசலிலேயே மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள். டிரைவிங் மாஸ்டர் பல்பு போலக் கண்ணாடி வால்வுகள் வைத்த பழைய ஆம்ப்ளிஃபயரைப் பச்சைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு, முழங்கையால் கதவைத் தள்ளினார்.

அவர் கதை இதுதான். இரண்டு மாதம் முன்பு கார் பழக வந்த ஒருவர், பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்திவிட்டார். சுவரோரம் ஒரு குழந்தை பந்து விளையாடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். குழந்தைக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் அன்றைக்கு மிதித்த காலை மாஸ்டர் இன்னும் எடுத்தபாடில்லை. சாப்பிடும்போது மிதிப்பார். டிவி பார்க்கும்போது மிதிப்பார். தூக்கத்தில் மிதித்த மிதியில் மனைவி தலையணையோடு ஹாலுக்குக் குடிபோய்விட்டாள்.

"தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் அமைதியா உக்காந்து பாட்டுக் கேளுங்க" என்றார் டாக்டர்.

நண்பர் ஒருவர் தன் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்தார். கொடுத்தவர் சும்மா இருந்திருக்கலாம். "முன்னால இருக்கிற சின்ன வால்வை மாத்திப் பாருங்க, பாடறவங்க குரலே மாறிடும்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. மூன்று வாரத்தில் ஏழு வால்வு. ஒரு பாட்டைக்கூட மாஸ்டர் முழுசாகக் கேட்கவில்லை. பல்லவி முடிவதற்குள் அணைத்துவிட்டு அடுத்ததைச் சொருகினார்.

இந்தக் காலோடுதான் மிச்ச ஆயுசுமா என்ற பயம் அவருக்குள் இருந்தது. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

கடைக்காரருக்கும் கிட்டத்தட்ட அவர் வயதுதான். பேசுகிறவர் முகத்தையே உற்றுப் பார்க்கிற ஆள். மனைவி அவரிடம் பிரேக் புராணத்தை ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டாள். மாஸ்டருக்கு மானம் போயிற்று.

"என்ன மாதிரி பாட்டு கேப்பீங்க சார்?"

"குரல் நல்லா வரணும், அது போதும். தங்க முலாம் போட்ட வால்வு ஒண்ணு இருக்காமே, அதைக் குடுங்க."

"நாலு போட்டுப் பாத்துடலாம். பாட்டு ஒண்ணுதான். உக்காருங்க."

கடைக்காரர் முதல் வால்வைச் சொருகி சுவிட்சைப் போட்டார். சத்தமே இல்லை.

"பாட்டு வரலையே?"

பதில் இல்லை. கடைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தாங்க!"

அதற்கும் திரும்பவில்லை. மாஸ்டருக்குச் சுருக்கென்றது. துடைத்து முடித்து சாவகாசமாகத் திரும்பியவர், "வால்வு சூடாகணும் சார். ஒரு நிமிஷம்" என்றார்.

பாட்டு வந்தது. கடைக்காரர் ஸ்பீக்கர் பெட்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். ஒரு தலையாட்டல் உண்டா, ஒரு 'ம்' உண்டா? ஒன்றும் கிடையாது.

இரண்டாவது, தங்க முலாம். முதல் வரியிலேயே மாஸ்டர் துள்ளினார்.

"ஆஹா! இதுதாங்க! பக்கத்துல வந்து உக்காந்து பாடற மாதிரி இருக்கு!"

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். சூடு தணிந்ததும் துணியால் பிடித்துக் கழற்றினார்.

மூன்றாவது பார்க்கவே பரிதாபமாக இருந்தது. கண்ணாடிமேல் இருந்த எழுத்தெல்லாம் அழிந்துபோன பழைய சரக்கு. பாட்டு ஆரம்பித்தது. மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பாட்டு பல்லவியைத் தாண்டிச் சரணத்துக்குப் போயிற்று. மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தவள், கணவரைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள்.

நாலாவதில் பாதிப் பல்லவிகூட ஆகவில்லை, "போதும், நிறுத்துங்க" என்று மாஸ்டர் எழுந்துவிட்டார்.

"மூணாவதை எடுத்துக்குங்க சார்" என்றார் கடைக்காரர்.

"அந்த எழுத்து அழிஞ்சதையா?"

"அதேதான். தங்கம் உங்களுக்கு வேண்டாம்."

மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"விக்காமக் கிடந்ததை என் தலையில கட்டப் பாக்கறீங்களா? நானும் வந்ததுலேருந்து கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறீங்க. பாட்டு ஓடுது, நீங்க தரையைப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க. ஒரு வரியாவது கேட்டீங்களா? காது என்ன செவிடா?"

"என்னங்க இது, பேச்சைப் பாரு…" என்று மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கடைக்காரர் முகத்தில் கோபம் இல்லை. மூன்றாவது வால்வைப் பஞ்சில் பொதிந்து அட்டைப்பெட்டியில் வைத்தார்.

"ஆமா சார். ரெண்டு வருஷமாச்சு, சுத்தமாக் கேக்காது. உதட்டசைவைப் பாத்துத்தான் பேசிக்கிட்டிருக்கேன்."

மாஸ்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கடைக்காரர் எதிரில், முகம் தெரியும்படி வந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க. தெரியாமப் பேசிட்டேன். ஆனா… அப்ப எப்படி மூணாவதுதான்னு சொன்னீங்க?"

"கேக்கப் போறது நீங்க, என் காது எதுக்கு சார்?" கடைக்காரர் அட்டைப்பெட்டியை அவர் கையில் வைத்தார். "பாட்டு ஓடறப்பல்லாம் நான் உங்க காலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். 'ஆஹா'ன்னு துள்ளினீங்களே, அப்பக்கூட மிதிச்சுக்கிட்டேதான் இருந்தீங்க. மூணாவதுலதான் சார், பிரேக்கை விட்டீங்க."