ஒட்டியின் நெற்றியில்

ஒரு பழைய சர்வருக்குள் மெய்நிகர் கணினிகள் சில குடியிருந்தன. அவற்றில் கணக்கி என்பவள் பல்கலைக்கழகத்துத் தேர்வு மதிப்பெண்களை வருஷக்கணக்காகக் கூட்டிக் கூட்டிக் களைத்துப்போனவள். ஒருநாள் காலை, எல்லோருக்கும் தானாகவே டேக் என்ற அடையாளச் சீட்டை ஒட்டுவதற்காகப் புதிதாய்ச் சேர்ந்த ஒட்டி என்ற நிரல் வந்து, அவள் நெற்றியில் ‘தற்காலிகம்’ என்று ஒட்டிவிட்டு நகர்ந்தது. சர்வருக்குள் அந்த டேக்கோடு இருப்பவர்களைச் சாயங்காலம் துடைப்பான் என்ற இன்னொரு நிரல் வந்து அழித்துவிடும்.

“நில்லுப்பா. நான் செய்யிற வேலையைப் பார்த்தியா?”

“வேலையை எல்லாம் பார்க்கிறதில்லைம்மா. இந்த சர்வர் வீட்டுக்கு என்ன டேக்கோ, குடியிருக்கிறவங்களுக்கும் அதே.”

கணக்கி சர்வரிடம் திரும்பினாள். “உனக்கு யார் ஒட்டினது?”

“புது சர்வர் வர்ற வரைக்கும் தற்காலிகம்னு யாரோ ஒட்டினாங்க. புதுசு வரவேயில்லை,” என்று பெருமூச்சு விட்டது சர்வர்.

“கேட்டியா? பிய்ச்சு எடு இதை!”

“எனக்கு ஒட்டத்தான் உத்தரவு. பிய்க்கிறது என் வேலையில்லை.”

“சரி, நீ எங்கே குடியிருக்கே?”

“இதே வீட்லதான்...” என்று இழுத்தது ஒட்டி. விதியை மீறி அதற்குப் பழக்கமில்லை. தன் நெற்றியிலும் ஒன்றை ஒட்டிக்கொண்டது.

சாயங்காலம் துடைப்பான் வந்தது. வாசலிலேயே அகப்பட்டது ஒட்டிதான்.

“ஐயா, நான் செய்யிற வேலையைக் கொஞ்சம் பாருங்க!” என்று அலறியது.

“வேலையை எல்லாம் பார்க்கிறதில்லைப்பா,” என்றது துடைப்பான்.

கணக்கிக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. தன் முறை வருவதற்குள் இன்னும் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணையாவது கூட்டிவிடலாம் என்று குனிந்தாள்.