வலது பக்கத்துச் சரிவு

பீங்கான் பட்டறையில் கழித்துப்போட்ட வெள்ளை டைல்ஸ் மேல், கூர் கீழாக இருக்கும்படி நந்தகுமார் கத்தியை நிறுத்துகிறான். கூரின் வளைவுக்கடியில் புகும் காலை வெயில் நுனி வரைக்கும் மெல்லிய பிறையாக விரிகிறது. "ஜப்பான்காரன் கத்தி மாதிரி. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம்தான் சரிவு. ரெண்டு மாசமா உனக்குன்னே தேய்ச்சேன். அம்மா வூட்டுக்குப் போவாத, நாயகி." கதவோரம் அவளுடைய பை கட்டித் தயாராக இருக்கிறது. செல்வநாயகி கத்தியை இடது கையில் எடுத்து வெள்ளரிக்காயில் வைக்கிறாள். இறங்க இறங்கக் கத்தி வெளியே விலகுகிறது. துண்டு மேலே தடித்து, கீழே காகிதமாகி விழுகிறது. அவன் வைத்த சரிவு வலது கையால் நறுக்குகிறவர்களுக்கானது. "நீ பீச்சாங்கைக்காரியா?" அவள் சிரிக்கிறாள். "சோறு போடறது சோத்துக்கையில. பதினோரு வருஷமா அத மட்டும்தான பாத்திருக்கீங்க. நறுக்கும்போது என்னைக்கு அடுப்படிக்கு வந்தீங்க?" "மாத்தித் தேய்ச்சுத் தரேன்." "வேற யாருக்காவது ஆவும், வச்சிக்கிங்க." முந்தானையால் ஈரத்தைத் துடைத்துக் கத்தியைப் பழையபடி டைல்ஸ் மேல் வைக்கிறாள். தெருமுனையில் ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஹாரன் அடிக்கிறது. பையைத் தூக்கும் இடது கையை அவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான்.