பன்னிரண்டு வாரக் கோமா

"இந்தப் பொம்பளை எழுந்திருப்பாளா, மாட்டாளா?"

தயாரிப்பாளர் கென்னத் கத்தியது ஆஸ்பத்திரி செட் முழுக்கக் கேட்டது. கட்டிலில் கிடந்த ஜார்ஜினா புரூயிட்டுக்கும் கேட்டிருக்கும். கண்ணைத்தான் திறக்கவில்லை.

நியூயார்க்கில் எடுக்கிற மத்தியானத் தொடர் ஒன்றில் முப்பத்தோரு வருஷமாக அவள்தான் வில்லி பெர்னடெட். ஆறு கல்யாணம். அதில் இரண்டு மாப்பிள்ளைகள் அண்ணன் தம்பி. ஒருமுறை செத்து, அடக்கமும் ஆகி, அடுத்த ஈஸ்டருக்குள் உயிர்த்தெழுந்தவள். அப்பேர்ப்பட்டவள் செப்டம்பரில் மாடிப்படியில் உருண்டு கோமாவுக்குப் போனாள். இப்போது டிசம்பர்.

"ரேட்டிங் விழுந்துடுச்சு, ஜார்ஜினா. வெள்ளிக்கிழமை கண்ணு முழிச்சிடு, தாயே. கோர்ட்டுல நிக்கவெச்சு நாலு பக்க வசனம் தர்றேன். இந்த வருஷ விருது உனக்குத்தான்."

"முதுகு வலிக்குது. டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கார்."

"எந்த டாக்டர்?"

"இதோ, கழுத்துல ஸ்டெதஸ்கோப்போட நிக்கிறாரே."

டாக்டர் வேஷம் போட்டிருந்த லாயிட் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான்.

கென்னத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் காலத்து ஒப்பந்தம். அவள் சம்மதம் இல்லாமல் பெர்னடெட்டைக் கொல்லவும் கூடாது, எழுப்பவும் கூடாது. தரையில் கிடந்த ஒயரை உதைத்துவிட்டுப் போனான். அவன் போன இரண்டாவது நிமிஷம் கட்டிலிலிருந்து குறட்டை வந்தது.

"படுத்துக்கிட்டே சம்பளம் வாங்கறதை இவகிட்டதான் கத்துக்கணும்," என்றான் லாயிட். "எங்க மாமியாரே தேவலாம். சாப்பிடவாவது எழுந்திருப்பாங்க."

நர்ஸாக நடிக்கிற மார்லா அதே குறட்டையை அப்படியே விட்டுக் காட்டினாள். லைட் பிடிக்கிறவர்கள் கைதட்டினார்கள். மார்லாவும் சிரித்தாள். சிரித்தபடியே கட்டில் தலைமாட்டில் நின்று விரல்விட்டு நாள் எண்ணினாள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு வசனம். "நாடி சீரா இருக்கு, டாக்டர்." தினமும் அதேதான். ஆனால் வசனம் பேசின நாள்தான் நடிகர் சங்கத்தில் வேலை நாளாகச் சேரும். வருஷம் முடிவதற்குள் போதுமான நாள் சேர்ந்தால் மருத்துவ இன்ஷூரன்ஸ். ஒரு நாள் குறைந்தாலும் கிடையாது. வீட்டில் ஏழு மாசக் குழந்தை ஓவன், இதயத்தில் ஓட்டையோடு. ஜனவரியில் ஆபரேஷன்.

"இன்னும் எத்தனை நாள் வேணும், மார்லா?"

"ஒன்பது."

"நடுவுல இவ எழுந்துட்டா?"

"எழுந்துட்டா நர்ஸ் எதுக்கு? வீட்டுக்குப் போன்னுடுவாங்க. சோம்பேறிக் கிழவி இப்படியே கிடக்கட்டும்னு தினமும் மெழுகுவத்தி ஏத்தறேன், லாயிட்."

மறுநாள் கென்னத் வேறு வழியில் வந்தான். "நாடித்துடிப்பைத்தான் மெஷின் காட்டுதே. நர்ஸ் வசனத்தை வெட்டிடலாம்."

மார்லா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கோமா சட்டென்று எழுந்து உட்கார்ந்தது.

"என்னது? பெர்னடெட்டை மெஷின் பார்த்துக்கணுமா? நான் என்ன சலவை யந்திரமா? கையைப் பிடிச்சு, வாயைத் திறந்து சொல்ல ஒரு ஆள் வேணும். இல்லேன்னா வக்கீலைக் கூப்பிடறேன்." அப்புறம் மார்லா பக்கம் திரும்பினாள். "உன் கை ஐஸ் மாதிரி இருக்குடி. நாளைக்கு உரசிச் சூடு பண்ணிட்டுத் தொடு."

"திமிரைப் பாரு!" லாயிட் முணுமுணுத்தான். "சவப்பெட்டியில வெச்சாலும் விசிறிவிட ஆள் கேப்பா."

"எனக்கென்ன, அவ திமிரு என் பிள்ளைக்குச் சோறு," என்றாள் மார்லா. அன்று காமிராவுக்கு முன் வழக்கம்போல் நாடி சீராக இருந்தது.

டிசம்பர் பத்தொன்பது. கென்னத் தோற்றுப்போய்விட்டான். புது வருஷம் வரை கோமா என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். ஒரு நாளைக்குத் தொண்ணூறு பக்கம் எடுத்தாக வேண்டும். ஆகவே எல்லாம் ஒரே டேக். சுவர் விழுந்தாலும் காமிரா நிற்காது.

மார்லா மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நாடி சீரா இருக்கு, டாக்டர்."

பெர்னடெட் கண்ணைத் திறந்தாள்.

ஸ்கிரிப்ட்டில் இது இல்லை.

பெர்னடெட் எழுந்து உட்கார்ந்து தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "என் புருஷனைக் கூப்பிடு! ஆறுல எவன் உயிரோட இருக்கானோ அவனைக் கூப்பிடு!"

காமிரா ஓடியது. கன்ட்ரோல் ரூமில் யாரோ விசிலடித்தார்கள். காட்சி முடிந்ததும் கென்னத் மூச்சிரைக்க ஓடிவந்தான். சந்தோஷமா கோபமா என்று அவனுக்கே தெரியவில்லை.

"மூணு மாசமா உன் காலைப் பிடிக்காத குறை! கோர்ட் சீனைக்கூட வேற ஒருத்திக்குக் குடுத்தாச்சு. விருதும் அவளுக்குத்தான் போகப்போகுது. அப்பல்லாம் கிடந்துட்டு இன்னிக்கு ஏன் எழுந்தே? சொல்லு, இன்னிக்கு என்ன விசேஷம்?"

ஜார்ஜினா மூக்கிலிருந்த குழாயைப் பிடுங்கிப் போட்டாள்.

"இந்தப் பொண்ணு தினமும் என் தலைமாட்டுல நின்னு, குழந்தையோட இன்ஷூரன்ஸுக்கு இன்னும் இத்தனை நாள்னு எண்ணிட்டிருந்தா. இன்னிக்குக் காலையில 'ஒண்ணு'ன்னு சொன்னா. அந்த ஒண்ணும் முடியட்டும்னுதான் காத்திருந்தேன்."