அதிகாரித் தேர்வுக்குப் போன கழுதை

காட்டுப் படைக்கு அதிகாரி எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கழுதை மூன்று மாதம் விடாமல் மலையேறி ஓடியது. காக்கையிடம் தன்னைத் தினமும் திட்டச் சொல்லி, கோபப்படாமல் நிற்கவும் பழகியது. அதே தேர்வுக்குப் போகவிருந்த ஆட்டுக்கிடாவோ குளத்தில் முகம் பார்த்துக் கட்டளையிட்டுப் பழகியது.

"ஓடி ஓடி என்னக்கா கண்டே? குரல்தான் முக்கியம்" என்றது கிடா.

தேர்வன்று, மரக்கட்டை ஒன்றை இருவருமாக ஓடையைக் கடந்து கொண்டுபோகச் சொன்னார் தேர்வு நடத்திய யானையார். ஆழமில்லாத இடத்தைக் கண்டுபிடித்ததும் கழுதை, சுமந்ததும் கழுதை. கிடா கால் நனையாமல் கரையில் நின்று, "ம், தூக்கு! நட!" என்று கத்தியது.

கிடா அதிகாரியானது.

கழுதை விடவில்லை. "கட்டையைச் சுமந்தது யாருன்னு பார்த்தீங்களா இல்லையா, ஐயா?"

"பார்க்காம என்னம்மா? அதனாலதானே உன்னைச் சுமை தூக்குற பிரிவுல சேர்த்திருக்கேன்."